எதிர்வரிசை

இராக்கின் பாக்திதாவில் கன்னியர் நடத்தும் பள்ளியின் ஏழாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டால்கூட மன்னிப்பு உண்டு. நினிவே நோன்புப் பாட்டில் தப்பு விட்டால் கிடையாது. நோன்பு நாள் மூன்றிலும் மதியம் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. அந்த வறண்ட தொண்டையோடுதான் பிள்ளைகள் கோயிலில் நின்று சுரியானி மொழிப் பாட்டைப் பழக வேண்டும். யார் கண்டுபிடித்த நியாயமோ!

பாட்டு இரண்டு வரிசைக்கானது. பீடத்துக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் ஓர் அடி பாடுவார்கள். அது அடங்கிய பிறகு அந்தப் பக்கம் நிற்பவர்கள் அடுத்த அடியைப் பாடுவார்கள். இந்த வருடம் பாதி வகுப்பு ஆஸ்திரேலியாவுக்கும் சுவீடனுக்கும் போய்விட்டது. மிச்சம் இருந்த பிள்ளைகள் ஒரு வரிசைக்கே பற்றாது. எதிர்ப்பக்கம் மரத்தாங்கியும் அதன்மேல் விரித்த புத்தகமும்தான் இருந்தன.

"மூணாம் நாள் சாயங்காலம் மோசூல்ல இருந்து பாட ஆள் வராங்க. அதுவரைக்கும் அவங்க அடிக்கு இடம் விட்டுப் பாடுங்க. அந்த அடிய மனசுக்குள்ள சொல்லிக்கணும். எவனாவது அவசரப்பட்டு வாயத் திறந்தா காது என் கையில" என்றார் சிஸ்டர் வர்தா.

காது என்றதும் வரிசையில் நின்ற நஹ்ரீனுக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. யல்தா அந்த எதிர்வரிசையில் எத்தனையோ வருடம் நின்று பாடியவன். ஒரு நாளாவது பொறுத்திருப்பானா? இந்தப் பக்கம் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, அரை மூச்சு முன்னால், அவன் குரல் மட்டும் குதித்துவிடும். ஊரே அவனை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிட்டது. சிஸ்டர் திருகித் திருகி அவன் இடது காதே சிவந்து கிடக்கும். கிரேக்கத்துக்குப் படகு ஏறப் போகிறேன் என்று போனில் பேசியவன், ஒரு மாதம் ஆகிறது, அப்புறம் மூச்சு காட்டவில்லை. அம்மா போனை மடியில் கட்டிக்கொண்டே ரொட்டி சுட்டாள். "போன் தண்ணியில விழுந்திருக்கும்டி. அவன் கைதான் ஒரு இடத்துல நிக்காதே" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

முதல் நாள். பிள்ளைகள் முதல் அடியைப் பாடி நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து, சுவருக்குப் பின்னால் யாரோ பாடுவதுபோல, மெல்ல ஒரு சத்தம் வந்தது. சிஸ்டரின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடுத்த அடிக்குச் சைகை காட்டினார்.

வெளியே வந்ததும் கூடப் படிக்கும் ஷாபோ சிரித்தான். வாயில்லாவிட்டால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"எதிரொலிடி. தண்ணி குடிக்காம உனக்கு மண்டை காஞ்சு போச்சு."

"எதிரொலின்னா நாம பாடினதத்தானே திருப்பிப் பாடும்?" என்றாள் நஹ்ரீன். "அது அடுத்த அடியப் பாடுச்சுடா."

ஷாபோவின் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

இரண்டாம் நாள் சத்தம் இன்னும் தெளிவாக வந்தது. ஒரு குரலில் 'ஸ்' வரும் இடத்திலெல்லாம் விசில் அடித்தது. கோயில்பிள்ளை கோர்கிஸின் பல்செட்டு விசில்! அவரைப் போன ஈஸ்டர் முடிந்த வாரம் அடக்கம் செய்தார்கள். இன்னொன்று மாவு மில் ஹன்னாவின் கட்டைக்குரல். அவர் சர்க்கரை நோயில் போனவர். நஹ்ரீன் ஒவ்வொரு குரலாக எண்ணினாள். அந்த வரிசையில் பாடியவர்களில் சுவீடனுக்குப் போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் குரல்கூட இல்லை. செத்தவர்கள் குரல் மட்டும்தான் வந்தது.

பிள்ளைகள் ஓட்டமாய் ஓடிய பிறகு அவள் சிஸ்டரின் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க யாரு சிஸ்டர்?"

"யாரா இருந்தா உனக்கு என்ன? பதில் வருதுல்ல?" சிஸ்டர் எதிர்ப்பக்கப் புத்தகத்தை நேராக வைத்தார். "பாட்ட மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்கடி. நாம பாடலன்னா பாவம், அவங்க அப்படியே காத்துக்கிட்டு நிப்பாங்க."

அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயத்துக்கு நடுவே ஓர் எண்ணம் முளைத்து, போகப் போக ஆசையாகிவிட்டது. நாளைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கப் போகிறாள். அந்த வரிசையில் யல்தா இல்லை என்றால் அவன் உயிரோடு இருக்கிறான். அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம். என்ன சொல்வது என்றுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள். ஷாபோ முதற்கொண்டு எல்லாரும் தலையைக் குனிந்தபடி நின்றார்கள். ஓர் அடி போனது, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. நஹ்ரீன் அரிசியில் கல் பொறுக்குவதுபோலக் குரல்களைப் பொறுக்கினாள். கோர்கிஸ். ஹன்னா. திராட்சைத் தோட்டத்து இஸ்ஹாக். அவன் இல்லை. அடுத்த பதில் வந்தது. அதிலும் இல்லை. பாட்டு முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வர, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா, அவன் அங்க இல்லம்மா!

பிள்ளைகள் தங்கள் கடைசி அடியைப் பாடினார்கள். கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் முடிக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல், ஒரே ஒரு குரல், அரை மூச்சு முன்னால் குதித்தது.

அப்புறம்தான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

சிஸ்டரின் கை தானாக எழுந்து, காதைத் தேடுவதுபோல அந்தப் பக்கம் நீண்டது. சட்டென்று அதை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

மதிய மணி அடித்தது. பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு, பேரீச்சம்பாகும் எள்விழுதும் ரொட்டியும் வைத்திருந்த கூடத்துக்கு விழுந்தடித்து ஓடினார்கள். நஹ்ரீன் நகரவில்லை. வீட்டில் அம்மா மடியில் போனோடு உட்கார்ந்திருப்பாள். இந்த வாயை வைத்துக்கொண்டு அவளிடம் என்னவென்று சொல்வது?

"முடிஞ்சிருச்சும்மா, வா" என்றார் சிஸ்டர். "வந்து ஒரு வாய் தண்ணி குடி, கண்ணு."

நஹ்ரீன் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். வறண்ட தொண்டையில் தன்னந்தனியாக முதல் அடியை மறுபடி எடுத்தாள். கடைசிச் சொல் வந்தது. அதை விடாமல், வேண்டுமென்றே, மூச்சு முட்ட முட்ட இழுத்தாள்.

அவன் பொறுக்கவில்லை.