கடைசி ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்

அறிவரசனை நான் முதலில் பார்த்தது சிதம்பரம் பஸ்ஸில். அப்போது அரியலூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. சாயங்காலம் கண்டக்டர் வந்ததும் "கடைசி ஸ்டாப்" என்று சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்குவார். ஆனால் நான் மீன்சுருட்டியில் இறங்கினால், பின்னாலேயே அவரும் இறங்கிவிடுவார். நாலைந்து நாள் பார்த்தேன். அப்புறம் ரோட்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

"சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு எம் பின்னாலயே ஏன் எறங்குறீங்க?"

ஆளுக்கு வியர்த்துவிட்டது. "எங்க ஊயே இதாங்க. மீன்சுயுட்டின்னு சொன்னா சியிப்பாங்க."

நானும் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே கிள்ளிக்கொள்ளத் தோன்றும். அவருக்கு 'ர' வராது, 'ல' வராது. அறிவரசன் என்று பேர் வைத்திருக்கிறார்கள், பாவம், அதையே அவரால் சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஊரே கலைமணி என்ற என்னைக் 'கலை' என்று கூப்பிட, அவர் மட்டும் 'மணி' என்றார். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

மகள் பிறந்ததும் இரண்டு நாள் யோசித்து அவரே ஒரு பேர் சொன்னார். கவியா. எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் கவியாவுக்குப் பால் இறங்கவில்லை. கவ்வுவாள், 'டக்' என்று சத்தம் வரும், வழுக்கி விடுவாள், அழுவாள். காம்பு வெடித்து ரத்தம் கட்டியது. மூன்றாவது வாரத்தில் பிறந்த எடைகூட இல்லை.

"ஒனக்குப் பால் பத்தல கலை. அறிவும் இப்புடித்தான் இழுத்து இழுத்துக் குடிச்சான். பசும்பாலுதான் அவனத் தேத்துச்சு," என்றார் என் மாமியார் பொன்னாயி. நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்கு அன்று முழுவதும் அழுகை நிற்கவில்லை. மார்பு கனத்துக் கிடக்கிறது, பிள்ளை பசியில் கத்துகிறது.

எடை பார்க்க வந்த நர்ஸ் தேவயானி, கவியா அழும்போது வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு மேலே எழும்பவில்லை. அடியில் ஒரு சவ்வு நுனிவரை இழுத்துப் பிடித்ததில் நுனி பிளந்ததுபோல் இருந்தது.

"இவ்வளவு நாளா யாரும் பாக்கலயா?" என்றார்.

"என்ன சிஸ்டய்?" என்று அறிவரசன் பதறினார்.

தேவயானி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "சார், நீங்களும் கொஞ்சம் நாக்க நீட்டுங்க."

அதே நாக்கு. நுனியில் அதே பிளவு. மாமியார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அரியலூர் டாக்டரம்மா, கவ்வவே முடியாததால்தான் வெட்டுவதாகச் சொன்னார். "நாக்கு ஒட்டியிருக்குற எல்லாப் பிள்ளைக்கும் வெட்ட மாட்டோம். இதுவும் பால் குடிக்கத்தான். பேச்சு எப்படி வரும்னு இப்ப சொல்ல முடியாது."

துணியில் சுற்றிய பிள்ளையின் தலையை அறிவரசனே பிடித்துக்கொண்டார். வெட்டு ஒரு நொடி, ரத்தம் இரண்டு சொட்டு. அழுது முடிக்கும் முன்பே என் மடிக்கு வந்துவிட்டாள். அவர்தான் ரொம்ப நேரம் அழுதார்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்று ராத்திரியும் வழுக்கினாள். அடுத்த நாளிலிருந்து தேவயானி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பிள்ள வயிறு உங்க வயித்தோட ஒட்டட்டும். மூக்கு காம்புக்கு நேரா இருக்கணும். வாயப் பெருசாத் தொறந்ததும் சேத்து அணைங்க." குடித்தது போதாதபோது பீய்ச்சிய பாலைப் பாலாடைச் சங்கில் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் அந்த 'டக்' சத்தம் இல்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும். அறிவரசனைக் கூப்பிட்டேன். இருவரும் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

எடை ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன நாள், திரும்பி வரும் பஸ்ஸில் முந்தானைக்குள் கவியா குடித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வந்தார். இவர் வழக்கம்போல் கடைசி ஸ்டாப் என்பார் என்று காத்திருந்தேன்.

"மீன்சுயுட்டி யெண்டு," என்றார் சத்தமாக.

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. "நாளைக்கு இவளுக்கும் வயாமப் போனா? வெக்கப்படக் கூடாது மணி," என்றார்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் அதே பஸ்ஸில் கவியா முந்திக்கொண்டாள். "மீன்சுயுட்டி, மூணு பேரு!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. மோவாயைப் பிடித்து அவள் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். என்னிடம் கண்ணாலேயே கெஞ்சினார். அவருக்குப் பதில் நான்தான் கேட்க வேண்டும்.

"ரயில் சொல்லு."

"ரயில்."

"ரோஜா."

"ரோஜா." கணீரென்று வந்தது.

"மீன்சுருட்டி?"

"மீன்சுயுட்டி."

"ஏன்டி அப்புடிச் சொல்ற?"

"அதாம்மா நம்ம ஊரு பேரு. அப்பாவக் கேளு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. கண்டக்டர் மறுபடி எந்த ஊர் என்று கேட்டார்.

"மீன்சுயுட்டி," என்றேன் நானும்.