தண்ணீர்த் தொட்டியில் மூன்று கற்கள்

கடைசிப் பருவத்தின் கடைசி வாரத்தில் கான்கிரீட் ஆய்வுக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டி ஏறக்குறைய காலியாகிவிட்டது. மற்றக் குழுக்களெல்லாம் தாங்கள் சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கியூப்களை எடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விட்டன. தொட்டியின் அடியில் மூன்று மட்டும் கிடந்தன. அவை சீலன் வார்த்தவை. வார்த்துவிட்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

ரூபிணி தினமும் வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பார்க்க என்ன இருக்கிறது? கைக்கு அடங்கும் அளவில் மூன்று சாம்பல் நிறக் கற்கள். கான்கிரீட் தண்ணீருக்குள் கிடந்தபடியே இறுகும், அவசரப்பட்டால் ஆகாது. தண்ணீர் அசையும்போது அவையும் அசைவது போலத் தெரியும். அப்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போல அவளுக்குக் கழுத்து கூசும். திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்து, அங்கே யாரும் இல்லாமல் இருந்தால் என்ன செய்வது?

அவளும் சீலனும் இறுதியாண்டுத் திட்டத்தில் கூட்டாளிகள். காதலர்கள் என்று வகுப்பில் கேலி செய்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, செம்பனை எண்ணெய் ஆலையில் சக்கையை எரித்து மிஞ்சும் சாம்பலைச் சேர்த்தால் கான்கிரீட் தாங்குமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. சீலனின் அப்பா தெலுக் இந்தான் பக்கத்தில் ஓர் ஆலையின் கொதிகலனில் வேலை செய்தார். மூட்டை மூட்டையாகச் சாம்பல் அங்கிருந்துதான் வந்தது. இருவரும் அதைச் சலித்துச் சலித்து மூக்கெல்லாம் கறுத்துப் போவார்கள்.

ஏழாம் நாள் உடைத்ததில் சாம்பல் கலவை தோற்றது. இருபத்தெட்டாம் நாளும் தோற்றது. சாதாரணக் கலவையின் பக்கத்தில்கூட அது வரவில்லை. ரூபிணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது சீலன் சிரித்தான்.

"சாம்பலு சோம்பேறிலா ரூபி. எட்டு மணி கிளாஸுக்கு நான் எப்ப எந்திரிக்கிறேன்? அதுமாரிதான். லேட்டா எந்திரிக்கும், ஆனா எந்திரிச்சா ஒரு கை பாக்கும்."

"நீ எந்திரிச்சு என்னைக்கு ஒரு கை பாத்த?"

"தொண்ணூறாம் நாள் வரைக்கும் விடு. அப்றம் பேசு."

தொண்ணூறாம் நாளுக்காக முதலில் வார்த்தவை அச்சிலிருந்து கழற்றும்போது மூலை உடைந்துபோயின. அதனால் இருபத்தெட்டாம் நாள் முடிவு வந்த பிறகு அவன் புதிதாக வார்த்தான். அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்த வெக்கைக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சீலன் மட்டும் முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "குளிருதுலா" என்றான். "டே, பேராக்ல குளிருதுன்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்று அவள் சொல்ல, இரண்டு பேருமே சிரித்தார்கள். ஆய்வுக்கூட உதவியாளர் ஹாலிம் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். கலந்ததை வீணாக்கக் கூடாது என்று மூன்று அச்சையும் குத்தி நிரப்பி முடித்துவிட்டுத்தான் போனான். கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். டெங்கிக் காய்ச்சல் என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை.

அவனுடைய பாதுகாப்பு பூட்ஸ் ஆய்வுக்கூட வாசல் அலமாரியில் அப்படியே இருந்தது. குதிகாலில் பெயர். அதற்கு இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் பூட்ஸை வைத்தார்கள். இளைய மாணவர்களிடம் கதை கிளம்பியிருந்தது.

"கலவை மெஷினு தானா சுத்துச்சாம் அக்கா. நெசமா?"

"கரண்ட் பில்லு கட்டுறது யாரு, அதையும் சொல்லு" என்றார் ஹாலிம். "பேயி வந்து கலக்குதுன்னா ரொம்ப நல்லது, எனக்கு ஆளு பத்தல. போய்ப் படிங்கடா."

அவர்கள் போன பிறகு அவர் ரூபிணியைப் பார்க்காமல், "நானும் கேட்டேன் ஒரு தடவ. காத்துதான்" என்று முணுமுணுத்தார்.

மேற்பார்வையாளர் டாக்டர் நோராய்னி அவளை அறைக்கு அழைத்து உட்கார வைத்தார்.

"இருபத்தெட்டு நாள் ரிசல்ட்டே போதும் ரூபிணி. அந்த மூணையும் உடைக்கணும்னு கட்டாயம் இல்ல. நான் பாத்துக்கிறேன்."

"உடைக்கலன்னா முடிவுரையில என்ன எழுதுறது டாக்டர்?"

அவர் தயங்கினார். "இருக்கிறத எழுது. ஏத்த கலவை இல்லன்னு."

ஆய்வறிக்கையில் அந்த வரிக்கு மேலே இரண்டு பெயர்கள் இருக்கும். ஒருவன் அதை மறுத்துப் பேச முடியாது. நான்கு ஆண்டுப் படிப்பில் அவன் உண்மையாக நம்பிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சாம்பலுக்கு நேரம் கொடுங்கள். உடைத்துப் பார்க்காவிட்டால் அவன் சொன்னது பொய்யாகவே நூலகத்தில் தூங்கும். உடைத்தும் தோற்றுவிட்டால்? அது காய்ச்சல்காரன் கை. சரியாகக் குத்தாமல் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தால், அன்றைக்கு அவனுக்கு எவ்வளவு முடியாமல் இருந்தது என்பதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை சீலனின் அப்பா சன்னாசி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பசியாறிட்டியாமா?"

"ஆச்சு அங்கிள். நீங்க?"

"ம்ம். நாளைக்கு வரேன், ஹாஸ்டல்ல அவன் சாமான எடுக்கணும். அப்றம்... அவன் கல்லு செஞ்சி தண்ணில போட்டுருக்கேன்னு அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கான். இன்னும் இருக்கா?"

"இருக்கு அங்கிள்."

"அத எடுத்துக்கலாமா? அவ கேட்டுக்கிட்டே இருக்கா. அவன் கையால செஞ்சதுன்னு வீட்ல வேற ஒன்னும் இல்லம்மா. இருக்கிறதெல்லாம் கடையில வாங்குனது."

நாளைக்குத்தான் தொண்ணூறாம் நாள். அவள் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். "வாங்க அங்கிள்" என்றுதான் வந்தது.

மறுநாள் காலை பழைய புரோட்டோன் காரில் அவர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் பிஸ்கட் அட்டைப்பெட்டி, அதற்குள் மடித்த துண்டு. ஆய்வுக்கூடத்துக்குள் சிலிப்பரோடு போகக் கூடாது என்று ஹாலிம் சங்கடத்தோடு சொல்லிவிட்டு, விருந்தினர் பூட்ஸ் தேடினார். சன்னாசி அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெயரை வாசித்தார். பிறகு குனிந்து மகனுடைய பூட்ஸை எடுத்துக் கால் நுழைத்து, கயிற்றை நிதானமாகக் கட்டினார். ஹாலிம் தேடுவதை நிறுத்தினார்.

உள்ளே அவர் நடந்தபோது சிமெண்டுத் தரையில் அந்த ஓசை கேட்டது. இடது காலை லேசாக இழுத்து வைக்கும் நடை, சீலனுடைய அதே நடை. மூன்று மாதமாக அவள் கேட்காத ஓசை, அல்லது தினமும் கேட்ட ஓசை. ரூபிணி தொட்டியின் பக்கம் போனாள்.

அவள் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின் மேல் வைத்தாள். ஒவ்வொன்றின் மேல்முகத்திலும் அவன் ஈரத்தில் ஆணியால் கீறிய எண் இருந்தது. சன்னாசி தொடவில்லை. பார்த்தார்.

"அங்கிள், ஒன்னு சொல்லணும். இத உடைக்கிறதுக்குத்தான் செஞ்சோம்."

"என்னாது?"

"மெஷின்ல வச்சி அழுத்துவோம். எவ்ளோ தாங்குதுன்னு பாக்கணும். இன்னைக்குத்தான் அந்த நாளு. இந்தச் சாம்பலு நல்ல சாம்பலுன்னு அவன் சொன்னான், யாரும் நம்பல."

"உடைச்சாத்தான் தெரியுமா?"

"ஆமா அங்கிள்."

"இவ்ளோ படிச்சிருக்கீங்க. வேற வழியே வைக்கலியா?"

ரூபிணி கற்களை வரிசையாக நகர்த்தி வைத்தாள். இடிந்து விழாதபடி எப்படிக் கட்டுவது என்று படிக்கப் போகிறோம் என்றுதான் முதலாண்டில் நினைத்திருந்தாள். இந்த அறையில் நான்கு வருடமாக அவர்கள் செய்ததெல்லாம் வார்ப்பதும் உடைப்பதும்தான்.

"அவன் சாம்பல நாந்தான் அள்ளுனேன்" என்றார் சன்னாசி. "கடல்ல விடுறப்ப சட்டியோட விட்டுட்டேன். கொஞ்சம் வச்சிருக்கலாமோன்னு இப்பத் தோணுது. அதெல்லாம் வைக்கக் கூடாதுங்கிறாங்க." அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தார். "அவன் சொன்னது சரின்னு தெரிஞ்சா, எழுதுவீங்களா? அவன் பேரு போட்டு?"

"அவன் பேருதான் அங்கிள் மொதல்ல."

"அப்பப் பண்ணு."

அவள் முதல் கியூபை இயந்திரத்தின் நடுவில், கீறிய முகம் பக்கவாட்டில் வரும்படி வைத்தாள். அப்படித்தான் வைக்க வேண்டும். கரண்டியால் தேய்த்த முகத்தில் அழுத்தம் விழக் கூடாது. ஹாலிம் கம்பிக் கதவைச் சாத்தி, உதட்டுக்குள் ஏதோ ஓதிவிட்டுத் தலையாட்டினார். திரையில் அழுத்தத்தின் எண் ஏறத் தொடங்கியது. இருபத்தெட்டாம் நாள் உடைந்த இடத்தைத் தாண்டியது. சாதாரணக் கலவை உடைந்த இடத்தை நெருங்கி, அதையும் தாண்டியது. பிறகு பட்டென்று ஒரு சத்தம். சன்னாசியின் தோள் குலுங்கியது.

ரூபிணி உடைந்த துண்டைக் கையில் எடுத்தாள். உள்ளே ஓர் ஓட்டை இல்லை. கருஞ்சாம்பல் நிறத்தில், ஜல்லிகள் நெருக்கமாக, வெட்டிய அல்வாத் துண்டு போல இருந்தது. காய்ச்சல் கையோடு ஒவ்வோர் அடுக்கையும் விடாமல் குத்தியிருக்கிறான். அவ்வளவு நேரம் நின்றிருக்கிறான். நன்றாக வார்த்திருக்கிறான் என்று சந்தோஷப்படவா, அந்தக் குளிரோடு இத்தனையும் செய்தானே என்று அழவா, அவளுக்குத் தெரியவில்லை.

"எப்படிமா?"

"ஜெயிச்சிட்டான் அங்கிள்."

இரண்டாவது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தாங்கியது. ஹாலிம் எண்ணைப் பார்த்து, "அலாமாக், இந்தப் பய" என்று மெதுவாக வியந்தார்.

மூன்றாவதை வைத்தாள். எண் ஏறியது. சாதாரணக் கலவையைத் தாண்டியது. முதல் இரண்டும் உடைந்த இடத்தைத் தொட்டது. அந்த நேரம் சன்னாசி முன்னால் வந்து கம்பிக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போதும்மா."

"அங்கிள், இன்னும் கொஞ்சந்தான்..."

"தாங்குதுல்ல? அதான் தெரிஞ்சிருச்சுல்ல. போதும், விட்ரு."

கல்லுக்குள்ளிருந்து நறநறவென்று மெல்லிய ஓசை வந்தது. உடைவதற்கு ஒரு மூச்சு முன்னால் வரும் ஓசை. நான்கு ஆண்டில் எத்தனையோ முறை கேட்டது. அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். எண் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கியது.

"ரூபி, ஒடையல" என்றார் ஹாலிம். "இத ரிசல்ட்டுன்னு எழுத முடியாது."

"தெரியும் என்சிக்" என்றாள் ஹாலிமிடம்.

அவள் கல்லை வெளியே எடுத்தாள். ஆறு முகமும் முழுதாக இருந்தன. சன்னாசி இரண்டு கையாலும் வாங்கினார். பச்சைக் குழந்தையைத் துவட்டுவது போலத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்துச் சுற்றினார்.

"கனமா இருக்கு" என்றார். பிறகு, "உள்ளுக்குள்ள ஒன்னும் ஆகலியேமா?"

அவ்வளவு தூரம் அழுத்தப்பட்ட கல்லுக்குள் மயிரிழை விரிசல்கள் எல்லாப் பக்கமும் ஓடியிருக்கும். வெளியே தெரியாது. சீலனாக இருந்தால் உடனே சொல்லியிருப்பான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. ஹாலிம் தரையைக் கூட்டுவது போலத் திரும்பிக்கொண்டார்.

"ஒன்னும் ஆகல அங்கிள். நல்லா இருக்கு."

சன்னாசி பூட்ஸைக் கழற்றி, அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

ஆய்வறிக்கையில் முதல் இரண்டு எண்களையும் போட்டாள். மூன்றாவது வரியில், நிறுத்தப்பட்ட இடத்து எண்ணை எழுதி, 'உடைக்கப்படவில்லை' என்று குறித்தாள். டாக்டர் நோராய்னி அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முடிவுரையில் பழைய வரி போய், சாம்பலுக்கு நேரம் தேவை என்ற வரி வந்தது.

பட்டமளிப்பு நாளன்று மேடைக்குப் பின்னால் அங்கியோடு வரிசையில் நின்றபோது அவளுடைய கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. சுவரில் சீலன் சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே சிவப்புத் துணி விரித்து அந்தக் கல். அதன் மேல் பித்தளை விளக்கு எரிந்தது.

'விளக்க அதுமேலதான் வைக்கிறோம்மா, நல்லா நிக்குது' என்று சன்னாசி எழுதியிருந்தார். 'அவங்கம்மா தினமும் தண்ணி ஊத்தித் தொடச்சி வைக்கிறா.'

'சரி அங்கிள்' என்று பதில் அனுப்பினாள். பெயர்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். வரிசை நகர்ந்தது. அவள் இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, கல்லின் ஒரு முகத்தில் மேலிருந்து கீழாக, மயிரிழை விரிசலை மெதுவாகத் தேடிக்கொண்டே நடந்தாள்.