எட்டுத் திரையிலும் அவள் பெயர்

கண்டியில் குண்டு வெடித்து மூன்றாம் நாள் காலை, பல்லேகல மழை ஆய்வு நிலையத்தின் யுனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் எட்டும் மக்கர் பண்ணின. மண்சரிவைக் கணிக்கும் ப்ரோகிராமைத் தட்டினால் எட்டுத் திரையிலும் ஒரே பதில்: 'கமலா' என்ற டைரக்டரியைத் திறக்க முடியவில்லை.

பாதுகாப்பு அதிகாரிக்கு அது போதும். தமிழ்ப் பெட்டை கம்ப்யூட்டருக்குள்ளும் குண்டு வைத்துவிட்டாள் என்று கத்தி, பொலிஸை அழைத்தார். அரை மணியில் வாசலில் ஜீப். ஏறினால் எப்போது இறங்கலாம் என்று எவரும் சொல்லமுடியாத ஜீப்.

அந்த ப்ரோகிராமை எழுதிய கமலாசனிக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. பிரிவுத் தலைவர் அம்பிகைபாகனைப் பார்த்தாள். அவரும் யாழ்ப்பாணத்தார்தான். அவளைத் தவிர, காரணம் தெரிந்த ஒரே மனிதர். கதிரையில் இருந்தபடி நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆறு மாதத்துக்கு முன், எல்லோருக்கும் பொதுவான 'யூஸர் லோக்கல்' டைரக்டரியில் ப்ரோகிராமை நிறுவ எதையும் திறக்கவும் பூட்டவும் அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டை அவரிடம் கேட்டாள். உமக்குத் தந்தால் என்னைத்தான் விசாரிப்பாங்கள், உம்மட டைரக்டரியிலயே போடும் என்றார். போட்டாள். எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றிக் கம்பைல் பண்ணும்போது கொடுத்த இடம் ப்ரோகிராமின் வயிற்றுக்குள் பதிந்துவிடும். பிறகு எங்கே நகலெடுத்தாலும் அந்த இடத்தைத்தான் தேடும். எட்டு மெஷினும் அவளுடைய டைரக்டரியை நம்பியே ஓடின. குண்டு வெடித்த மறுநாள், எவரும் கேட்காமலே தன் விசுவாசத்தைக் காட்ட அந்த டைரக்டரியைப் பூட்டியவரும் இதே அம்பிகைபாகன்.

ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். பூட்டியதைத் திறக்கச் சொல்லுங்கள், பிறகு என்னைக் கொண்டுபோங்கள் என்றாள். இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, அம்பிகைபாகன் திறந்தார். ப்ரோகிராம் ஓடியது. மறுபடி பூட்டச் சொன்னாள். செத்தது.

முதலில் பூட்டியது யார் என்றார் இன்ஸ்பெக்டர். அம்பிகைபாகன் திரும்பவும் நகத்தைப் பார்த்தார்.

கமலாசனி தமிழுக்கு மாறினாள். "சேர், நீங்கள் வாய் திறக்காட்டி நான் ஜீப்பில ஏறவேணும். ஏறட்டோ?"

அம்பிகைபாகன் எழுந்தார். பூட்டியது தான்தான், பாஸ்வேர்ட் மறுத்ததும் தான்தான் என்று சிங்களத்தில் முனகினார். இன்ஸ்பெக்டர் அதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, பாதுகாப்பு அதிகாரியை நாலு வார்த்தை ஏசிவிட்டுப் புறப்பட்டார்.

ஜீப்பின் இரைச்சல் அடங்கவில்லை, அதற்குள் அம்பிகைபாகன் ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். "கோவியாதையும் பிள்ளை. இந்தாரும், ரூட் பாஸ்வேர்ட். பொது டைரக்டரியில போட்டுவிடும்."

அவள் கை நீட்டவில்லை.

"எனக்கெதுக்கு? நீங்கள் இருந்து டைப் அடியுங்கோ, நான் சொல்லுறன். உங்கட கையால போட்டது எண்டு இருக்கட்டும். இனி உடைஞ்சா ஜீப் உங்களைத் தேடி வரும்."

கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தார். முதல் வரியிலேயே பிழைவிட்டார்.

"அழியுங்கோ," என்றாள் கமலாசனி. "திரும்ப."