வேலியோரத்து எட்டு மீட்டர்

மருந்துக்காரர் தன் அண்ணியிடம் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகப்போகிறது. அதற்காக அவர் வாயைத் திறக்காமல் இருந்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. அண்ணிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் நாயிடம் சொல்லிவிடுவார். அண்ணன் வீடும் தம்பி வீடும் எதிரெதிரே. நடுவில் முற்றம் ஒன்று, குழாய் ஒன்று, நாயும் ஒன்று. “டேய், மத்தியானம் கரண்ட் போயிடுமாம், தண்ணி பாய்ச்சறவங்க இப்பவே பாய்ச்சிக்கட்டும்” என்று இவர் இந்தப் பக்கமிருந்து நாயைப் பார்த்துச் சொல்வார். “பாய்ச்சி முடிச்சாச்சுன்னு சொல்லு” என்று அண்ணி அந்தப் பக்கமிருந்து அதே நாயிடம் சொல்வார். நாய் இரண்டு பக்கமும் வாலை ஆட்டிவைக்கும். அதற்குத் தபால் என்று பெயர் வைத்தது மருந்துக்காரரின் மனைவி. அந்த அம்மாள் இரண்டு பேரையும் சேர்த்துவைக்கப் பார்த்து, அலுத்துப்போய், கடைசியில் பெயர் வைத்ததோடு விட்டுவிட்டாள்.

மருந்துக்காரர் என்றால் வைத்தியர் இல்லை. இஞ்சின் வைத்த ஸ்ப்ரேயர் வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் யார் தோட்டத்தில் பூச்சி விழுந்தாலும், களை மண்டினாலும் போன் இவருக்குத்தான் வரும். முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு இறங்கினால் சாயங்காலத்துக்குள் நாலு பேர் நிலத்தை முடித்துவிட்டு, நாற்பது பேர் கதையையும் கேட்டுவிட்டு வருவார். அப்படிப்பட்டவரின் சொந்த அண்ணி ஒரு நாள், இனிமேல் நிலத்தில் மருந்தே அடிக்கப்போவதில்லை, ஆர்கானிக்குக்கு மாறப்போகிறேன் என்று அறிவித்தால் எப்படி இருக்கும்? ஊரெல்லாம் சாப்பிடும் ஓட்டல்காரரின் சமையலை அவர் வீட்டிலேயே தொட மாட்டேன் என்றது போல இருந்தது அவருக்கு. அண்ணன் தூரத்து வண்டி ஓட்டும் பஸ் டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. நிலம் முழுக்க அண்ணியின் பொறுப்பு, அண்ணியின் முடிவு.

முதல் பருவத்திலேயே காற்று விளையாடிவிட்டது. இவர் தன் பக்கத்தில் அடித்த மருந்து வேலி தாண்டி அண்ணியின் வெள்ளரிக் கொடிமேல் போய் விழுந்தது. அண்ணி விதைக்கடை வாசலில் நாலு பேர் நடுவில் வைத்து, உங்க மருந்து ஒரு சொட்டுகூட எங்க பக்கம் விழக்கூடாது என்று கேட்டுவிட்டார். இவருக்கு முகம் விழுந்துபோயிற்று. இனிமே மருந்தும் விழாது, பேச்சும் விழாது என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அண்ணியைத் தவிர.

அதன் பிறகு அண்ணி தன் நிலத்தில் வேலியை ஒட்டி எட்டு மீட்டர் அகலத்துக்கு ஒன்றும் பயிரிடாமல் விட்டார். ஒதுக்குப் பட்டை என்று அதற்குப் பெயராம். பக்கத்து நிலத்து மருந்து காற்றில் வந்தால் அந்தப் பட்டையோடு நிற்கும், உள்ளே இருக்கும் தக்காளிக்குப் போகாது. அங்கே புல்தான் வளர்ந்தது. இடுப்பளவு வளர்ந்தது. நல்ல மண் இப்படிப் பாழாகிறதே என்று மருந்துக்காரர் தபாலிடம் பல தடவை புலம்பியிருக்கிறார். தபாலுக்கு அந்தப் புல் பிடிக்கும், அதனால் அது ஆமோதிக்கவில்லை.

ஆர்கானிக் என்று விற்பதற்கான சான்றிதழ் சும்மா வந்துவிடாது. மூன்று வருஷம் நிலத்தில் மருந்து படக்கூடாது. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கும் பரிசோதனைக்கும் கட்டும் கட்டணத்தில் சின்ன விவசாயிக்கு முழி பிதுங்கிவிடும். அதற்கு அரசாங்கத்தில் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். கட்டிய கட்டணத்தில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் முதலில் நீ கட்டு, சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறம் தருகிறேன் என்கிற மாதிரியான திட்டம். அண்ணி சமையலறைக்குக் கூரை போட வைத்திருந்த காசைத் தூக்கிக் கட்டணமாகக் கட்டியிருந்தார். சுவர் மட்டும் எழுந்து நின்ற அந்தப் புதுச் சமையலறைக்கு மேலே ஒரு நீலத் தார்ப்பாய். மழை வந்தால் அண்ணி ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் குடையுமாக நிற்பார்.

இது மருந்துக்காரர் வீட்டு ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். காற்றடித்தால் தார்ப்பாய் படபடக்கும், இவருக்கு நெஞ்சு படபடக்கும். அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது இவர் பள்ளிக்கூடத்துப் பையன். படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டபோது, இவனுக்கு ஒரு ஸ்ப்ரேயர் வாங்கிக் கொடுங்க, பிழைச்சுக்குவான் என்று அண்ணனிடம் அடம்பிடித்து வாங்க வைத்தது அண்ணிதான். அந்தப் பழைய மஞ்சள் டேங்க்கை இன்னும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். அண்ணிமேல் அவருக்கு இருந்தது கோபமே இல்லை. கோபம் போய் வெகு நாளாயிற்று. முதலில் யார் பேசுவது என்பதுதான் பாக்கி.

ஒரு நாள் காலையில் அண்ணி தபாலிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை கடைசி ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், முற்றத்தில் யாரும் மருந்து டப்பா போடாமல் இருந்தால் நல்லது. மருந்துக்காரர் அன்றைக்கே டப்பாக்களை எல்லாம் கொட்டகைக்குள் போட்டுப் பூட்டினார். முற்றத்தைப் பெருக்கினார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. போய் வேலியோரம் நின்று பார்த்தார். இடுப்பளவு புல், நடுவில் முள்செடி. பெரிய ஆபீசிலிருந்து ஆள் வந்து இந்தக் காட்டைப் பார்த்தால் அண்ணியைப் பற்றி என்ன நினைப்பார்கள்? மூன்று வருஷம் உழைத்த பொம்பளைக்குக் களை எடுக்கக்கூட வக்கில்லை என்று எழுதிவிட்டுப் போனால்?

புதன்கிழமை அண்ணி அந்தத் திட்டம் சம்பந்தமாக வேளாண்மை அலுவலகத்துக்குப் போயிருந்தார். மருந்துக்காரர் டேங்க்கில் களைக்கொல்லியை நிரப்பினார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, இது சரிப்படுமா என்று கேட்டாள். பயிர்மேல் அடிக்கத்தான் கூடாது, புல் என்ன பயிரா என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பட்டையே தன் மருந்து விழுவதற்காக விட்டதுதானே என்றார். அவருக்கே தன் வாதம் பிடித்துப்போயிற்று. காற்று நிற்கும்வரை காத்திருந்து, மருந்து சிதறாமல் இருக்க நாசிலுக்குக் கூம்பு மாட்டி, தக்காளிப் பக்கம் ஒரு துளி போகாமல், ஓரம் பிடித்துத் தைத்த மாதிரி அடித்தார். கூலிக்கு அடிக்கும்போதுகூட அவ்வளவு கவனமாக அடித்ததில்லை.

வியாழக்கிழமை முழுக்க அண்ணி கொட்டகையில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார், வேலிப் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது பட்டை முழுவதும் பளிச்சென்று மஞ்சளாகப் படுத்துவிட்டிருந்தது. மருந்துக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேலியை ஒட்டிய தன் மோட்டார் அறைப் பக்கம் போய், எதையோ பழுது பார்க்கிற பாவனையில் நின்றார். பாராட்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம்பெண். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தோளில் அளவு நாடா. தக்காளி வரிசைகளைத் தாண்டி வேலியோரம் வந்தவர் சட்டென்று நின்றார். குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். களைக்கொல்லி அடித்தது யார் என்று கேட்டார்.

அண்ணி படுத்துக்கிடந்த புல்லைப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தான் அடிக்கவில்லை என்று மட்டும் சொன்னார். யார் என்று தெரியுமா என்று ஆய்வாளர் மறுபடி கேட்டார்.

“தெரியும். சொல்றதுக்கில்ல.”

ஆய்வாளர் பொறுமையாகத்தான் விளக்கினார். என்ன மருந்து, என்றைக்கு, எதுவரை அடித்தது என்று அடித்த ஆளே சொன்னால் ஒரு கோடு போட்டுப் பிரிக்கலாம். இல்லாவிட்டால் எங்கெங்கே பட்டிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நிலம் முழுவதையும் சந்தேகம் என்று எழுதத்தான் முடியும். எழுதிவிட்டால் மூன்று வருஷம் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். சான்றிதழ் இல்லை என்றால் திட்டத்துப் பணமும் இல்லை.

அண்ணி செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை வரப்பில் தேய்த்தார். பிறகு, எழுதிக்கோங்க என்றார்.

மோட்டார் அறைப் பக்கம் நின்ற மருந்துக்காரருக்குக் கை ஸ்பானரோடு அப்படியே நின்றுபோயிற்று. காரியம் கெட்டது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இடி இன்னொன்று. அண்ணி இதை வஞ்சம் என்று நினைத்துவிட்டார். கொழுந்தன் வேண்டுமென்றே குடியைக் கெடுத்தான் என்று நினைத்தும், அவனைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் எழுதிக்கோங்க என்கிறார். அப்படியே பின்பக்கமாக நழுவிப்போய்விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கால் ஓரடி பின்னால் போகவும் செய்தது. தபால் வந்து அந்தக் காலை முகர்ந்தது.

அவர் வேலியைத் தாண்டி வந்தார். பழக்க தோஷம், முதலில் வாய் நாயிடம்தான் போயிற்று.

“டேய், சொல்லுடா, அடிச்சது...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். திரும்பி நேராக நின்றார். “அண்ணி, அடிச்சது நான்தான்.”

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் அந்தத் தொண்டைக்கு மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை. எதிர்த் தோட்டத்தில் குனிந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பெரிய ஆபீசுலேருந்து ஆள் வர்றாங்க, இந்த இடம் காடு மாதிரி கிடக்கு, உங்களை யாரும் குறைவா நினைச்சிடக் கூடாதேன்னு அடிச்சேன். வஞ்சம் இல்ல அண்ணி. அப்படி மட்டும் நினைச்சுடாதீங்க. புத்தி இல்லாம செஞ்சதுன்னு நினைச்சுக்கோங்க, அது போதும்.”

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சலவைச் சட்டையைப் பார்த்தார், ஸ்பானரைப் பார்த்தார்.

“மருந்து அடிக்காத நிலத்தைப் பாக்க வர்றவங்களுக்காகத் தம்பி, நீங்க மருந்து அடிச்சு வெச்சிருக்கீங்க.”

“ஆமா அண்ணி.”

அண்ணி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்றுதான் மருந்துக்காரர் பயந்தார். அண்ணி சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நடுவில் கொஞ்சம் அழவும் அழுதார். மூன்று வருஷமாக அடக்கிவைத்தது, ஒரே வகையாக வெளியே வருமா என்ன? ஆய்வாளர் அளவு நாடாவைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மருந்துக்காரர் கொட்டகையிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார், எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினார் என்று நடந்து காட்டினார். மஞ்சள் நின்ற இடமும் அவர் சொன்ன இடமும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆய்வாளர் மண்ணும் இலையும் எடுத்துப் பைகளில் போட்டார். பட்டையை அடுத்த எட்டு மீட்டர்த் தக்காளியை இந்த வருஷம் ஆர்கானிக் என்று விற்க முடியாது, அதுதான் இனி ஒதுக்குப் பட்டை. மற்ற நிலம் பரிசோதனையில் சுத்தமாக வந்தால் சான்றிதழ் உண்டு என்றார். பக்கத்து நிலத்துக்காரர் உங்களுக்கு யார் என்று எழுதுவதற்காகக் கேட்டார்.

“எங்க வீட்டுப் பிள்ளை” என்றார் அண்ணி. வீட்டுப் பிள்ளைக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவர் சட்டென்று குனிந்து இல்லாத முள்ளைக் காலிலிருந்து எடுத்தார்.

பரிசோதனை சுத்தமாக வந்தது. சான்றிதழ் வந்தது. திட்டத்துப் பணம், அரசாங்கப் பணத்துக்கே உரிய நடையில் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. அண்ணன் வீட்டில் இருந்த ஒரு நாளாகப் பார்த்து அண்ணனும் தம்பியும் சமையலறைக்குக் கூரைத் தகடு மாட்டினார்கள். மருந்துக்காரர் ஏணி உச்சியில். அண்ணி கீழே நின்று, தகடு வடக்கே சாய்கிறது, தெற்கே சாய்கிறது என்று மேற்பார்வை பார்த்தார். கழற்றிய நீலத் தார்ப்பாயை விரித்து அதன்மேல் தபால் தூங்கியது. அதற்கு வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு மருந்துக்காரர் தொண்டையைக் கனைத்தார். உங்கள் தக்காளி எட்டு மீட்டர் என்னால் போயிற்று, அதனால் இனிமேல் ஒதுக்குப் பட்டை உங்கள் பக்கம் வேண்டாம், என் பக்கம் எட்டு மீட்டர் விட்டுவிடுகிறேன், அங்கே ஒரு சொட்டு அடிக்க மாட்டேன் என்றார். வெகு நாளாக யோசித்து வைத்திருந்தது போல ஒரே மூச்சில் சொன்னார். அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

“அந்த எட்டு மீட்டருக்கும் திட்டத்துல பணம் குடுப்பாங்களா அண்ணி?”

“குடுப்பாங்க. சர்டிபிகேட் வந்தா.”

“எப்ப வரும்?”

“மருந்து படாம மூணு வருஷம் இருக்கணும்.”

“மூணு வருஷமா?” மருந்துக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “ஸ்ப்ரேயரைக் கையில வெச்சுக்கிட்டு மூணு வருஷம் எப்படி அண்ணி சும்மா இருக்கிறது?”

“என்கிட்ட பேசாம இருந்தீங்களே தம்பி,” என்றார் அண்ணி, “அதைவிடவா கஷ்டம்?”

ஏணி உச்சியில் மருந்துக்காரருக்குக் கண்ணைத் துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் ஏணி, ஒரு கையில் ஸ்பானர். அதைவிடக் கஷ்டம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.