மோலி மாற்றிக்கொண்ட அட்டை

1

இந்தக் கதையை ஒரு வீட்டுச் சுவரிலிருந்து திருடினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் வால்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனைக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் கோயில் வாசலில் இருக்கும் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை, கடவுளின் வாக்குறுதியாக ஒரு பைபிள் வசனம் எழுதிய அட்டையை, எடுக்கும். அதற்குச் சட்டம் போட்டு ஆண்டு முழுவதும் கூடத்தில் மாட்டி வைப்போம். எல்லாம் இனிக்கிற வசனங்கள்தான்: ஆசீர்வதிப்பேன், கைவிடமாட்டேன், உயர்த்துவேன். வால்டர் வீட்டில் மட்டும் ஒரு கட்டளை தொங்கியது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவரோடு சமாதானம் செய்து ஒப்புரவாகு என்று.

"மோலி வாங்கினது," என்றார் வால்டர், பிள்ளை வாங்கிய பதக்கத்தைக் காட்டுகிறவர்போல. மோலி அவர் மனைவி.

2

(மைசூரில் மார்கழிக் குளிர் இறங்கிய ஒரு... வேண்டாம். குளிரில் தொடங்கிய கதைகள் போதும்.)

(மோலி ஒரு குற்றவாளி. அவள்... இதுவும் வேண்டாம். அவ்வளவு சுலபமில்லை.)

மோலி ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அக்டோபரில் ஒரு பிற்பகல், ஒரு பெரியவரின் கட்டிலில் பக்கக் கம்பியை ஏற்றிவிட மறந்தாள். அவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். விசாரணையில் எல்லோரும் ஆயா மாதம்மாவைப் பார்த்தார்கள். மோலியும் பார்த்தாள். ஒப்பந்த வேலைக்காரர்தானே, அன்றே அனுப்பிவிட்டார்கள். மாதம்மா தன் ஊரான கௌதள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். மோலிக்கு ஜனவரியில் வார்டு இன்சார்ஜ் பதவி வரவிருந்தது.

இந்த இடத்தில் இரட்டை டியூட்டி, ஆள் பற்றாக்குறை என்று மோலிக்காக ஒரு பத்தி வாதாடியிருந்தேன். படித்துக் காட்டியபோது அவளே எடுக்கச் சொன்னாள். "கம்பி என் வேலை. அவ்ளோதான்."

3

சபையின் அட்டைகளை எழுதுவதும் மோலிதான். முத்து முத்தான கையெழுத்து. டிசம்பரில் நூற்றிருபது அட்டைகளை எழுதிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் வாக்குத்தத்தத்துக்குப் பதிலாக அந்தக் கட்டளையை எழுதிவிட்டிருந்தாள். கை தவறியதா, மனம் தவறவிடவில்லையா? கேட்டேன். "தெரியலை," என்றாள். அட்டையோ குடும்பத்துக்கு ஒன்று, மிச்சமில்லை. கிழித்துப்போடவும் மனமில்லை.* மற்றவற்றோடு அடுக்கிவிட்டாள்.

* வசனம் எழுதிய காகிதத்தில் எங்கள் வீடுகளில் சுண்டல்கூட மடிக்கமாட்டார்கள்.

4

என் முதல் பிரதியில், அந்த அட்டை மோலியின் கைக்கே வந்தது. வால்டர் சிரித்தார்.

"அப்படி வந்திருந்தா அது கடவுள் வேலை. இவளா எடுத்துக்கிட்டாளே, அது இவ வேலை. மாத்தி எழுதிடாதீங்க."

மாற்றவில்லை. அட்டை போனது ஜெனிஃபர் ஆன்ட்டிக்கு. கணவரை அடக்கம்செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆறுதலாக ஒரு வரி கிடைக்கும் என்று வந்தவர், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"ஏன் மோலி, இது வாக்குத்தத்தமா? திட்டற மாதிரி இருக்கே. நான் யாரை என்ன பண்ணேன்?"

மோலியின் அட்டையில், பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன் என்றிருந்தது. அக்டோபரிலிருந்து அவள் ஏங்கிக் கிடந்த வசனம் அது.

"அது என்னோடது ஆன்ட்டி. உங்களோடது இதோ."

மாற்றிக்கொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்தபோது அவள் வாசலுக்கு நடந்தாள். வால்டர் பின்னாலேயே வந்தார்.

"நானும் வரேன்."

"வேணாம். நீங்க போய் திருவிருந்து எடுங்க. எனக்குக் குறுக்க ஒரு வேலை நிக்குது."

முதலில் ஆஸ்பத்திரி மேட்ரனிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். இன்சார்ஜ் பதவி அதோடு போயிற்று. பிறகு கொள்ளேகால் பஸ். அங்கிருந்து கௌதள்ளிக்கு இன்னொன்று.

எங்கள் சபையைப் பற்றி நான் பெருமையாகப் பேசுவது அபூர்வம். நாற்காலிச் சண்டை, பாடகர் குழுச் சண்டை எல்லாம் பார்த்தவன். ஆனால் அன்று வேதம் வாசித்த இடத்திலிருந்து ஒருத்தி அதன்படி செய்ய எழுந்து போனாள். அந்தக் கோயிலில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

5

முடிவு அ: மாதம்மா கட்டிக்கொண்டு அழுகிறார். (அழகுதான். மன்னிப்பு அத்தனை மலிவா?)

முடிவு ஆ: மாதம்மா கதவைச் சாத்து...

மோலி என் பேனாவைப் பிடித்தாள். "நான் சொன்னதை எழுதிக்கோங்க. அவங்க சொன்னதை வேணாம். அது அவங்களோடது. இவருக்கே நான் சொல்லலை."

"ஹௌது, ஆமா, எனக்கும் தெரியாது," என்றார் வால்டர். அதைச் சொல்வதிலும் அவருக்குப் பெருமைதான்.

ஆகவே, வாசகரே, மாதம்மா வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் உங்களை நிறுத்துகிறேன். மூன்று மாதமாக வேலையில்லாத மாதம்மா இனி நீங்கள்தான். வாசலில், புத்தாண்டுச் சேலை கசங்கிய ஒரு நர்ஸ். கையில் ஓர் அட்டை.

"கம்பியை ஏத்தாதது நான். மேட்ரன்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். மன்னிப்புக் கேக்க வந்தேன். நீங்க உடனே பதில் சொல்லணும்னு இல்லை."

அவள் உண்மையாகவே நிற்பாள். கடைசி பஸ் போனாலும் நிற்பாள். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். இனி நீங்கள்தான் சொல்லவேண்டும்.