இரண்டு பேருக்கும் அதே ஊசி

பிணவறைக்குள் போகவிருந்த ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பெரியவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பிய வீட்டுக்குக் கொண்டுபோறேன். ஊசியப் போட்டுக் கொன்னது போதாதா, இப்ப அறுத்தும் பாக்கணுமா?"

எதிரில் டாக்டர் நின்றிருந்தார். புதுத் தடுப்பூசி ஒன்றை ஆட்களுக்குப் போட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பொறுப்பானவர் அவர். சேதி கேட்டு ஓடிவந்த அவசரத்தில் காலில் வீட்டு ரப்பர் செருப்பு.

சுவரோரம் நின்ற எலெக்ட்ரீஷியன் தன் இடது தோளைத் தடவிக்கொண்டிருந்த கையை மெல்ல இறக்கினான். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். செத்துப்போனவர் அவன் அக்கா புருஷன். போன வாரம் இருவரும் ஒரே காலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்ட ஊசி அது.

மாமா லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்த ஒருவர் விரல் நசுங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். காயத்தில் ஏறிய கிருமி எந்த மருந்துக்கும் அடங்காமல் ஆளைக் கொண்டுபோய்விட்டது. அதுபோன்ற பல கிருமிகளை ஒரே ஊசியில் தடுக்கப் பார்க்கிறார்கள், முதலில் உடம்பு அதைத் தாங்குகிறதா என்று பார்க்கத் திடமான ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் மாமா தானே போய்ப் பெயர் கொடுத்தார். மச்சினனையும் இழுத்துக்கொண்டு போனார்.

"புது லிஃப்ட்ல ஆள ஏத்தறதுக்கு முன்னால எடைக்கல்ல வெச்சு ஓட்டிப் பாப்போம்ல? அந்தக் கல்லு நாமதான் மாப்ள" என்று நர்ஸ் எதிரிலேயே சிரித்தார்.

இன்று காலை மோட்டார் அறையில் ஸ்பேனரும் கையுமாகச் சரிந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஊசியாலயா?" என்றாள் அக்கா. தம்பியின் பக்கத்திலிருந்து டாக்டரிடம் ஓர் எட்டு வைத்தாள்.

"தெரியலம்மா. ஊசியாலன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். மத்தவங்களுக்குப் போடறத நிறுத்திட்டோம். உடம்பத் திறந்து பாத்தாதான் தெரியும். அதுக்கு நீங்க சம்மதிக்கணும்."

"அவ சம்மதிக்க மாட்டா" என்றார் பெரியவர். "முழுசாத்தான் அனுப்புவோம்."

அக்கா தரையைப் பார்த்தாள். வீட்டில் மீன் நறுக்குவதுகூட மாமாதான். அவள் அந்தப் பக்கமே போகமாட்டாள்.

"பாக்கலன்னா, இவனுக்கு?"

"கண்காணிப்போம். ஆனா எதத் தேடறோம்னு தெரியாமலே தேடணும்."

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. எனக்காகன்னு மாமாவப் போய்..."

"நீ வாய மூடு."

அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது. பிறகு ஸ்ட்ரெச்சரிடம் போய், பெரியவரின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள். அவர் தடுக்கவில்லை.

கதவு சாத்தப்பட்டது. அவனுக்கு ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். தொண்டை வறண்டது. பயமா, நோயா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பெரியவர் எங்கோ போய் டீ வாங்கிவந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் கையில் திணித்தார். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபின் டாக்டர் வந்தார்.

"இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல அடைப்பு. ரொம்ப நாளாவே இருந்திருக்கு. இதுவரைக்கும் பாத்ததுல ஊசியால வந்த மாதிரி எதுவும் தெரியல. சில பரிசோதனை முடிவு இன்னும் வரணும்."

"சோதனையில சேக்கும்போதே எல்லாம் பாத்தீங்களே" என்றார் பெரியவர். குரலில் பழைய வேகம் இல்லை.

"ஈசிஜி எடுத்தோம். சரியாத்தான் இருந்துச்சு. எல்லா அடைப்பும் அதுல தெரியாது."



"அப்ப இவனுக்குப் பயமில்ல?" என்றாள் அக்கா.

"இப்போதைக்கு இல்லம்மா. தொடர்ந்து பாத்துட்டே இருப்போம்."

மாமாவுக்குப் போட்டுவிட ஒரு சட்டை கேட்டார்கள். வீட்டிலிருந்து வந்த நீலச் சட்டையை அக்காவே உள்ளே எடுத்துப் போனாள். அவன் மாமாவின் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டே கழுத்துவரை வந்தாள்.

"இதப் போட்டா அவருக்கு மூச்சு முட்டும்டா" என்று மேல் பட்டனை அவிழ்த்தாள்.

காலரின் இடைவெளியில், நெஞ்சைத் திறந்து மூடிய தையலின் நுனி தெரிந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பட்டனை மறுபடி போட்டுவிட்டாள்.