தளர்த்தியதும் நின்ற கசிவு

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் குழாய்களுக்கு போல்ட் முடுக்குவது என் வேலை. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும். உலுக்கி எழுப்புவதற்கென்றே என் மனைவி ரெபேக்காள் விழித்துக் கிடப்பாள்.

தூங்கும்போது மூச்சுக்குக் காற்று ஊதும் மிஷின் வாங்க இருவரும் செங்கல்பட்டு கடைக்குப் போனோம். மாட்டிப் பார்த்த முதல் இரண்டும் மூச்சை வெளியே விடவே விடாமல் ஊதின. மூன்றாவதை மாட்டியதும் முகமூடி ஓரம் காற்று கசிந்தது. கை தானாக வாரை இறுக்கியது. கசிவு கூடியது.

"இன்னாய்யா, மூஞ்சியையும் சேத்து முடுக்குற!" என்றாள் ரெபேக்காள்.

"லூசா வுடுங்கண்ணா," என்றாள் கடைக்காரப் பெண் ஜெனிட்டா.

தளர்த்தினேன். காற்றே முகமூடி ஓரத்து ரப்பரை உப்பவைத்து முகத்தோடு பொருத்திக்கொண்டது. நான் மூச்சை விட்டால் மிஷின் தணிந்தது, இழுத்தால் கொடுத்தது. என்னைக் கேட்டுக் கேட்டு ஊதும் பம்பை நான் கண்டதேயில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது, எதிர் நாற்காலியில் ரெபேக்காள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.